மழைக்குப் போட்ட கிரீஸ்

அக்டோபர் 9, வியாழன்

பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைப் பிரித்துப் போட்டதில் சாயங்காலம் போயிற்று. பகலெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளைக் கத்தி ஓடவிட்ட தொண்டை, வீட்டுக்கு வந்தால் டீசல் வாடை. பி.டி. டீச்சர் வேலை போதாதென்று மெக்கானிக் உத்தியோகமும் பார்க்கிறேன். வேறு வழியில்லை. இரட்டை சைக்கிளைப் பாளையங்கோட்டையில் எந்தக் கடையில் கொண்டு நிறுத்தினாலும் கூட்டம் கூடி வேடிக்கை பார்ப்பார்களே தவிர ஸ்பேனரை எடுக்க மாட்டார்கள். இரண்டு சீட், நாலு பெடல். முன்னால் நான், பின்னால் என் நாத்தனார் வடிவு. அவளுக்குப் பதினைந்து வயதில் பார்வை முழுசாகப் போய்விட்டது. இப்போது இருபத்துமூன்று. வங்கியில் வேலை. தொடையில் என்னைப்போல் இரண்டு மடங்கு பலம்.

பழைய கிரீஸ் கறுத்து, மணல் கலந்து, பல்பொடி மாதிரி நறநறத்தது. நான் வழித்துப் போட, வடிவு பேரிங் குண்டுகளை டீசலில் கழுவி ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். அவள் தள்ளிய குண்டு ஒன்றைக் கண்ணாடி போட்டு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் எனக்கு அதில் பொட்டுப் பள்ளம் தெரிந்தது.

எங்கள் வீட்டில் கிரீஸ் இரண்டு வகை. பெங்களூரிலிருந்து வரவழைக்கும் டியூப் கிரீஸ். வெள்ளையாக, மெலிசாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். பந்தயத்துக்கு அதுதான். இன்னொன்று தூத்துக்குடியில் விசைப்படகுக்குப் போடுகிற நீலக் கிரீஸ், டப்பாவில். தண்ணீரில் முக்கினாலும் கரையாது, ஆனால் பிசின் மாதிரி இழுக்கும். கெட்டுப்போன விளக்கெண்ணெய் வாடை அடிக்கும். போட்டுக்கு, அதாவது படகுக்குப் போடுவது என்பதால் அதைப் 'போட்டுக் கிரீஸ்' என்போம்.

இன்று டியூப் கிரீஸ். ஹப்பின் கப்புக்குள் விரலால் வளையமாகப் பூசி, குண்டுகளை அதில் பதித்து, மேலே ஒரு பூச்சு. அவ்வளவு போதும், அள்ளி அப்பக் கூடாது. பிறகு குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கோனைத் திருகி, ஆட்டம் நின்றதும் மயிரிழை தளர்த்த வேண்டும். கடைசியில் அச்சை வடிவு கையில் கொடுப்பது வழக்கம். அவள் சுற்றிப் பார்த்து, "ஓடுது மதினி" என்றால்தான் சக்கரத்தை மாட்டுவேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கோச் ஜெபசிங் சார் இன்று விஷயத்தைச் சொன்னார். நவம்பர் 15 பார்வையற்றோர் இரட்டை சைக்கிளுக்கு மாநிலத் தேர்வு. திருச்செந்தூர் ரோட்டில் நீளப் பந்தயம். முதல் இரண்டு ஜோடி தேசியப் போட்டிக்கு டெல்லி போகும். வடிவு என் தோளைப் பிடித்துக் குதித்தாள். நானும்தான் குதித்தேன், மனசுக்குள். பின்னால் இருப்பவளுக்குக் கிடைக்கிற அதே ஜெர்சிதான் முன்னால் இருப்பவளுக்கும். முப்பத்தாறு வயதில் எனக்கு வேறு யார் ஜெர்சி கொடுக்கப் போகிறார்கள்?

குதித்து முடிப்பதற்குள் சார் ஒரு பெண்ணை அழைத்து நிறுத்தினார். பெனிட்டா. நாகர்கோவில். இருபத்துநாலு வயது. போன வருஷம் வரை தனியாகப் பந்தயம் ஓட்டியவளாம்.

"சும்மா ஒரு தடவை வடிவுகூட ஓட்டிப் பாக்கட்டும் டீச்சர். உங்க முட்டிக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கும்லா" என்றார்.

என் முட்டி அவரிடம் வந்து ரெஸ்ட் கேட்டதா? சிரித்துக்கொண்டே "அதுக்கென்ன சார், ஓட்டட்டும்" என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

பெனிட்டா நல்ல பெண். 'அக்கா, அக்கா' என்று காலைச் சுற்றுகிறாள். தலைவலி.

அக்டோபர் 17, வெள்ளி

நாளைக் காலை பெனிட்டாவும் வடிவும் நாங்குநேரி ரோட்டில் ஓட்டப் போகிறார்கள். சார் நேரம் குறிப்பார். வண்டியைத் தயார் செய்ய வேண்டியது என் பொறுப்பு.

பின் ஹப்பைப் பிரித்துப் போட்டுக் கிரீஸ் போட்டேன். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. எந்த நேரம் கொட்டும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் உள்ளே போனால் பேரிங் கெட்டுவிடும், பேரிங் போனால் புது ஹப்புக்கு எங்கே போவது? அதனால் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். கோனையும் சற்று இறுக்கமாக விட்டேன். முன்னால் புதுப் பெண், சக்கரத்தில் ஆட்டம் இருந்தால் பயந்துவிடுவாள். எல்லாம் பாதுகாப்புக்குத்தான்.

வடிவு வங்கியிலிருந்து வரத் தாமதம். வருவதற்குள் சக்கரத்தை மாட்டி வண்டியைப் பூட்டிவிட்டேன். "அச்ச சுத்திப் பாக்கலயே மதினி" என்றாள். "ஒரு நாளைக்குப் பாக்கலன்னா ஒண்ணும் ஆயிராது, போய்ச் சாப்பிடுட்டி" என்றேன்.

அக்டோபர் 18, சனி

வானம் பளிச்சென்று இருந்தது. சொட்டு மழை இல்லை.

வடிவும் நானும் வழக்கமாக எடுக்கிற நேரத்தைவிட அவர்கள் மூன்று நிமிஷம் கூடுதலாக எடுத்தார்கள். பெனிட்டா இறங்கியதும் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது.

சார் வடிவிடம், "எப்படிம்மா, பெனிட்டாகூட ஓட்டப் பிடிச்சுதா?" என்று கேட்டார்.

வடிவு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "பிடிக்கு சார்" என்றாள்.

"அது போதும். டைம் பெறவு தானா வரும்" என்று சார் சிரித்தார்.

வடிவு சொன்னது சக்கரத்தை. எங்கள் வீட்டில் பேரிங் இறுகி ஓடினால் 'பிடிக்கு' என்போம். சார் அதைப் பெனிட்டாவைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இரண்டு பேர் பேசும்போது நடுவில் புகுந்து பேசுவது நல்ல பழக்கமில்லையே.

வீட்டுக்கு வந்ததும் வடிவு என்னிடமே கேட்டாள். "வீலு பிடிச்ச மாதிரி இருந்துச்சு மதினி. நீங்க பாத்தியளா?"

"நேத்துதான முழுசா பாத்தேன். வீலுல ஒண்ணும் இல்ல. எதிர்காத்துட்டி."

"அப்பம் அவளுக்குத்தான் கால் பழகல போல" என்றாள். மத்தியானம் பெனிட்டாவுக்குப் போன் போட்டு அதையே ஆறுதலாகவும் சொன்னாள். நான் அடுப்படியில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வடிவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். "உங்க கை என்ன இப்பிடி நாறுது?" என்று என் கையைப் பிடித்து முகர்ந்தாள். நல்லெண்ணெய் பழசு என்றேன்.

அக்டோபர் 23, வியாழன்

நாளைக்கு என்னையும் வடிவையும் நேரம் பார்க்கப்போவதாக சார் திடீரென்று போன் செய்தார். பள்ளியிலிருந்து வந்ததே ஆறு மணி. ஹப்பைப் பிரித்து நீலத்தைத் துணியால் வழித்தெடுத்து டியூப் கிரீஸ் போட்டேன். கோனைத் தளர்த்தினேன். டீசல் தீர்ந்துபோயிருந்தது, கழுவவில்லை. மழைதான் இல்லையே, மெலிசான கிரீஸ் போதும் என்று மாற்றினேன். கிரீஸைக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவது மெக்கானிக் எவரும் செய்வதுதான்.

அக்டோபர் 24, வெள்ளி

நல்ல நேரம் எடுத்தோம். சார் ஸ்டாப்வாட்சை இரண்டு முறை பார்த்துவிட்டு, "அனுபவம் அனுபவம்தான் டீச்சர்" என்றார். தேர்வில் முன் சீட்டில் நான்தான். பெனிட்டா வந்து கை கொடுத்தாள்.

எனக்குச் சந்தோஷம். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 29, புதன்

தூக்கம் சரியில்லை. முட்டி வலி.

நவம்பர் 2, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலைப் பயிற்சியில் திரும்பி வரும்போது வடிவு, "மதினி, பின்னால இருந்து ஒரு சத்தம் வருது. நிறுத்துங்க" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வேகத்தில் இருந்தோம். "அந்தப் பாலம் தாண்டி நிறுத்துதேன்" என்று மிதித்தேன். பாலம் தாண்டுவதற்குள் எனக்கும் கேட்டது. அம்மிக் குழவியை வெறும் கல்லில் உருட்டுகிற சத்தம். இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தோம்.

வீட்டில் ஹப்பைப் பிரித்தேன். வடிவு பக்கத்திலேயே உட்கார்ந்தாள், போகச் சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. கோனைக் கழற்றியதும் உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் மோர் போல ஒழுகியது. குண்டுகள் காய்ந்து, கீறல் விழுந்து கிடந்தன. இரண்டு கிரீஸ் ஒன்றோடொன்று சேராது. கழுவாமல் ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டால் இரண்டும் உடைந்து தண்ணீராக ஓடிவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? நானே வடிவுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அவள் விரலால் தொட்டாள். தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"ரெண்டும் கலந்து கெடக்கு மதினி."

"ஆமா."

"போட்டுக் கிரீஸ் எப்பம் போட்டிய?"

"முந்தி ஒருநாள். மழைக்கு."

"எந்த மழைக்கு?"

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கிளம்பிப் போகும்வரை வடிவு காத்திருந்தாள்.

"பெனிட்டா ஓட்டுன அன்னைக்கு வீலு பிடிச்சுது. நீங்க இல்லன்னு சொன்னிய. நீங்க சொன்னியளேன்னு நான் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டு, ஒனக்குக் கால் பழகலன்னு சொன்னேன். அவ அழுதா, மதினி. நான் சொல்லி அழுதா."

கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டு எழுந்தாள். "பெனிட்டாக்கு நீங்கதான் போன் போடணும். நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நவம்பர் 3, திங்கள்

போன் போட்டேன். எனக்கு முட்டி வலி, நீயே தேர்வுக்கு ஓட்டு என்று பெனிட்டாவிடம் சொன்னேன். "அய்யோ அக்கா, ஒங்களுக்கு என்னாச்சு? டாக்டர்ட்ட போனீங்களா?" என்று பதறினாள். டாக்டரிடம் போகிறேன் என்றேன். சாரிடமும் அதையே சொன்னேன். வடிவு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முட்டி என்று நான் சொன்னபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

என் கணவர் நயினாருக்கு ஒன்றும் தெரியாது. "நீயா விட்டுக் கொடுத்த? பெரிய மனசு இசக்கி ஒனக்கு" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

எனக்கு அந்தப் பெண் மேல் பொறாமை. எழுதிவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

புதுக் குண்டு, புதுக் கோன் போட்டாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து வர நாலு நாள் ஆனது. ஹப்பை மூன்று தடவை டீசலில் கழுவினேன். டியூப் கிரீஸ். அச்சை வடிவு கையில் கொடுத்தேன். முன்பெல்லாம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரிப்பாள். இன்று அச்சைச் சுற்றி, நிறுத்தி, ஆட்டிப் பார்த்து, மறுபடி சுற்றி, விரலை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்த பிறகே "ஓடுது" என்றாள். மதினி என்று சேர்க்கவில்லை.

அவளும் பெனிட்டாவும் எங்கள் மிகச் சிறந்த நேரத்தைவிட இரண்டு நிமிஷம் குறைவாக எடுத்தார்கள். சார் என் முகத்தைப் பார்க்காமல் நேரத்தைச் சொன்னார்.

நவம்பர் 14, வெள்ளி

நாளைக்குத் தேர்வு. மத்தியானத்திலிருந்து வானம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. கலெக்டர் நாளைக்குப் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டார். மைதானத்தில் செய்தி கேட்டதும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் தேர்வைத் தள்ளிவைக்கவில்லை, அடுத்த வாரம் டெல்லிக்குப் பெயர் அனுப்பியாக வேண்டுமாம். வழியில் ஒரு தரைப்பாலம். பெரிய மழை பெய்தால் அச்சு முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. டியூப் கிரீஸ் முதல் தடவையே கழுவிக்கொண்டு போய்விடும். பாதி வழியில் குண்டு காய்ந்தால் இறக்கத்தில் சக்கரம் இறுகி இரண்டு பேரும் ரோட்டில் கிடப்பார்கள்.

போட்டுக் கிரீஸ்தான் போட வேண்டும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். பெனிட்டாவுக்கு மெலிசானதுதான் பிடிக்கும். சார், "உங்க முடிவு டீச்சர்" என்று போனை வைத்துவிட்டார்.

நீல டப்பாவின் மூடியைத் திறந்ததும் உள்ளறையிலிருந்து வடிவு வந்தாள். வாடை போயிருக்கிறது.

"இந்தத் தடவையும் மழைக்கா மதினி?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு மழைக்கு இல்ல. அவ தோக்கணும்னுதான் போட்டேன். கோனையும் வேணும்னேதான் இறுக்குனேன். இன்னைக்கு மழைக்குத்தான்ட்டி. வானத்தப் பாரு."

பாரு என்று சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜன்னலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள். காற்று ஈரமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் போடுதேன். கோனை மட்டும் நீங்க பாருங்க."

கப்புக்குள் அவளே பூசினாள், அளவாக. குண்டுகளை அவளே பதித்தாள். கோனை நான் திருகி, ஆட்டம் நின்றதும் மயிரிழை தளர்த்தினேன். அச்சைச் சுற்றினாள். கனமாக, ஆனால் தடையில்லாமல் சுற்றியது.

"ஓடுது மதினி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் அழுதேன். தெரியாமல் என்ன, அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஏழு மணிக்கு நயினார் டி.வி. முன்னாலிருந்து எழுந்து வந்தார். தாழ்வு நாகப்பட்டினம் பக்கம் நகருகிறதாம், தெற்கே மழை குறைவாம். "வண்டில எதும் மாத்தணுமா?" என்று கேட்டார். டி.வி.யில் சொல்வது என்றைக்கு நடந்தது? கலெக்டர் லீவை வாபஸ் வாங்கவில்லையே. வேண்டாம் என்றேன். மறுபடி பிரித்து, கழுவி, பூட்ட ஒரு மணி நேரம் ஆகும். கையும் வலிக்கிறது. வடிவு அதற்குள் படுத்துவிட்டாள். அவளை எழுப்பிச் சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

வெயில். சித்திரை மாதம் மாதிரி வெயில். கலெக்டர் லீவு விட்டால் மழை வராது என்று பிள்ளைகள் வருஷம்தோறும் சொல்லிச் சிரிப்பதுதான், எனக்கு இன்று சிரிப்பு வரவில்லை. தரைப்பாலத்தில் ஆடுகள் படுத்துக் கிடந்தன.

மூன்றாவதாக வந்தார்கள். இரண்டாவது ஜோடிக்கும் இவர்களுக்கும் பதினோரு விநாடி.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று மேலே எழுதியதற்குப் பிறகு பேனா ஓடவில்லை.

முடிவுக் கோட்டில் பெனிட்டா ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே என்னிடம் வந்து, "கிரீஸ் ஒரு காரணமே இல்லக்கா. கடைசி ஏத்தத்துல நான்தான் கியர் தப்பாப் போட்டேன்" என்றாள். ஜெபசிங் சாரும் அதையே சொன்னார். அவ்வளவு நீள ரோட்டில் பதினோரு விநாடி எங்கே போனது என்று யார் கண்டது, எதிர்காற்று இருந்தது, வளைவில் ஒரு லாரி நின்றது. எல்லாரும் எனக்கு ஆளுக்கொரு காரணம் தந்தார்கள்.

திரும்பி வரும்போது வேனில் வடிவு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி வந்ததும் பேசினாள். அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது. "அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் ஒங்கள எதாச்சும் சொன்னா நான் பேசிக்கிடுதேன், மதினி. நீங்க மழைன்னு நெனச்சுத்தான் போட்டிய. எனக்குத் தெரியும்."

இன்று காலை ஹப்பைப் பிரித்தேன். அவள் பூசிய கிரீஸ் பூசியபடியே இருந்தது. குண்டுகள் பளபளத்தன. கோன் சரியான அளவில் இருந்தது. வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கழுவி வைத்தேன்.

வடிவு என்னை நம்பிவிட்டாள். நயினார் வந்து சொன்னதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு மணி நேர வேலைதான். எத்தனையோ நாள் அதைவிடக் களைத்துப்போய் வந்து அதே வேலையைச் செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கை வலித்ததாக எழுதியிருக்கிறேன். வலித்ததா என்று எனக்கு நினைவில்லை.